அறிதலும் மறுத்தலும்: பாக்டீரியா இலைக்கருகலுக்கு நெல்லின் எதிர்ப்பு

பயிர்களின் நோயெதிர்ப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏற்பிகளையே சுற்றி நடக்கிறது: நுண்ணுயிர் வருகிறது, செல் அதை அடையாளம் காண்கிறது, எதிர்ப்பு தொடங்குகிறது. நெல்லைத் தாக்கும் பாக்டீரியா இலைக்கருகலில் இது பாதிக் கதைதான். வந்திருப்பது யாரென்று அறியாமலேயே, அதற்கு வேண்டியதைத் தராமல் மறுத்தும் நெல் தப்புகிறது. வயலில் எதிர்ப்பு நிலைக்க வேண்டுமானால் இவ்விரண்டும் ஒரே செடியில் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோய்க்குக் காரணமான சாந்தோமோனாஸ் ஒரைசே, இலை விளிம்பின் நீர்க்கசிவுத் துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழைந்து சைலக் குழாய்களில் பெருகுகிறது. நாற்றின் நுனியைக் கிள்ளி நடுவதும் யூரியாவை அள்ளிப் போடுவதும் அதற்குத் துணைபோகின்றன.

அறியும் வழிக்குப் பெயர்பெற்றது எக்ஸ்.ஏ.21 மரபணு. மாலி நாட்டுக் காட்டு நெல்லான ஒரைசா லாங்கிஸ்டாமினேட்டாவில் இருந்த இதை, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குர்தேவ் குஷ் குழுவினர் சாகுபடி நெல்லுக்குக் கொண்டுவந்தனர். 1995இல் பமீலா ரொனால்டின் குழு அதைப் பிரித்தெடுத்தபோது, அது செல் சவ்வில் அமரும் ஓர் ஏற்பியை உருவாக்குவது தெரிந்தது. அந்த ஏற்பி எதை உணர்கிறது? முதலில் அறிவித்த மூலக்கூறு பிழையென்று கண்டதும், 2013இல் அக்குழுவே தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2015இல் சரியான விடை கிடைத்தது: ராக்ஸ்எக்ஸ் என்ற, சல்பேட் ஏறிய பெப்டைடு. செடியின் சொந்த வளர்ச்சி ஊக்கியான பி.எஸ்.ஒய் போல் அது வேடமிட்டு வருகிறது. எக்ஸ்.ஏ.21 அந்த வேடத்தை மட்டும் பிடிக்கிறது. உண்மையான ஊக்கிக்கு அசைவதில்லை.

ஆனால் ராக்ஸ்எக்ஸை இழந்த பாக்டீரியா இந்தக் காவலைக் கடந்துவிடும். இளம் நாற்றிலும் எக்ஸ்.ஏ.21 முழு வலிமை காட்டுவதில்லை.

மறுக்கும் வழி வேறு. பாக்டீரியா செல்லுக்குள் செலுத்தும் டால் புரதங்கள் நெல்லின் டி.என்.ஏ.வில் அமர்ந்து, பாக்டீரியாவுக்கு வேண்டிய சர்க்கரையை வெளியேற்றும் ஸ்வீட்11 மரபணுவை முடுக்கிவிடுகின்றன. எக்ஸ்.ஏ.13 என்ற எதிர்ப்பு வடிவம் கொண்ட நெல்லில் ஸ்வீட்11இன் முன்பகுதி மாறியிருப்பதால் டால் புரதம் அமர இடமில்லை. மகரந்த வளர்ச்சிக்கு ஸ்வீட்11 தேவை; அந்த வேலை கெடாமல், பாக்டீரியாவின் பிடி மட்டும் நழுவுவதுதான் இதன் அழகு. எக்ஸ்.ஏ.5இல், மரபணுப் படியெடுப்புக்கு உதவும் ஒரு புரதத்தின் 39ஆவது அமினோ அமிலம் மாறியிருக்கிறது. டால் புரதங்கள் பற்றிக்கொள்ளும் இடம் அதனால் வலுவிழக்கிறது.

இம்மூன்றையும் ஒன்றாக ஏற்றியதே 2008இல் வெளியான மேம்பட்ட சாம்பா மசூரி என்ற நெல் ரகம். தமிழகத்தில் ஆந்திரா பொன்னி என்று வழங்கும் பி.பி.டி. 5204இன் திருத்திய வடிவம் இது. ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து இதை உருவாக்கின. மறுக்கும் மரபணுக்கள் இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள்; இரு படிகளும் இருந்தால்தான் பலன் தரும். எக்ஸ்.ஏ.21 ஏற்கெனவே எதிர்த்து நிற்பதால், மற்ற இரண்டும் வந்து சேர்ந்தனவா என்பதை இலையில் நோயேற்றிப் பார்த்து அறிய முடியாது. டி.என்.ஏ. குறியீடுகளைக் கொண்டே வல்லுநர்கள் செடிகளைத் தேர்ந்தார்கள்.

மறுத்தலையும் பாக்டீரியா சுற்றிச் செல்லும் என்ற மறுப்பு நியாயமானதே. ஸ்வீட்11 கிடைக்காத இடத்தில் சில வகைகள் ஸ்வீட்14ஐ முடுக்குகின்றன. 2019இல் ஐ.ஆர்.64 உள்ளிட்ட ரகங்களில் ஸ்வீட்11, 13, 14 ஆகியவற்றின் முன்பகுதிகளை ஆய்வாளர்கள் திருத்தி, பரந்த எதிர்ப்பைப் பெற்றனர். இத்தகைய திருத்தங்களோடு எக்ஸ்.ஏ.21 போன்ற ஏற்பியையும் இணைப்பதே அடுத்த இனப்பெருக்கத் திட்டங்களின் இலக்காக வேண்டும்.