செப்பேடும் செப்புக் கம்பியும்

சரித்திரம் என்றதும் கோட்டை கொத்தளங்களும் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நம் ஞாபகத்துக்கு வருகின்றன. செம்பைத் தகடாகத் தட்டி எழுத்து வெட்டினால்தான் சரித்திரமா? கம்பியாக இழுத்து, ரப்பர் உறை போட்டு, மேலே நூல் பின்னி வைத்தால் ஆகாதா? ஆகும் என்பது என் கட்சி. நான் சொல்லப் போகும் செம்பு, ஒரு பழைய அமெரிக்க டிராக்டரின் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது.

1938-ஆம் வருஷம் அக்டோபரில் ஹாரி பெர்குஸன் என்ற அயர்லாந்துக்காரர், தம்முடைய டிராக்டரை டியர்பார்ன் நகருக்குக் கொண்டு போய் ஹென்றி போர்டின் நிலத்தில் ஓட்டிக் காட்டினார். எண்ணெயின் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கவும் இறக்கவும் செய்யும் ஏற்பாடு அவருடையது. கிழவர் போர்டுக்கு அது பிடித்துப் போயிற்று. இருவரும் கை குலுக்கினார்கள், பத்திரம் எழுதவில்லை. 1939 ஜூன் மாதம் 9-என் என்ற டிராக்டர் வெளிவந்தது. விலை 585 டாலர். அதில் பாட்டரி இருந்தது, டைனமோ இருந்தது. பொத்தானை அமுக்கினால் என்ஜின் ஓடும். குளிர் காலத்தில் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றித் தோள் நொந்த குடியானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்ல வேண்டுமா?

வரத்துக்கு ஆயுள் மூன்று வருஷம். யுத்தம் வந்தது. செம்பும் ரப்பரும் போர்முனைக்குப் போயின. 1942-இல் வந்த 2-என் டிராக்டர்களில் முதலில் வந்தவற்றுக்கு இரும்புச் சக்கரம். பாட்டரியும் இல்லை, டைனமோவும் இல்லை. தீப்பொறிக்கு மாக்னெட்டோ, கிளப்புவதற்குப் பழைய கைப்பிடி. உலக யுத்தத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்கின்றன. அந்த வண்டியின் டாஷ்போர்டுக்குப் பின்னால் கம்பி இல்லாமல் கிடந்த வெற்றிடமும் அதைப் பற்றிய ஒரு பக்கந்தான்.

யுத்தம் முடிந்ததும் கை குலுக்கிய உறவும் முறிந்தது. 1947-இல் போர்டு கம்பெனி 8-என் என்ற வண்டியைத் தனியாக வெளியிட்டது. பெர்குஸன் வழக்குப் போட்டார். 1952-இல் 92½ லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு ராஜியானார். அதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட 8-என் வண்டிகள் வயல்களுக்குப் போய்விட்டன. அவற்றில் பல இன்னும் உழைக்கின்றன.

இனி, தகட்டைக் கழற்றிப் பார்ப்போம். அதற்கு முன் பாட்டரியின் எர்த் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். ஆறு வோல்ட் மின்சாரம் ஆளை அடிக்காது என்பது உண்மை. ஆனால் பாட்டரிக்குச் சற்று முன்னால் பெட்ரோல் தொட்டி இருக்கிறது. ஒரு பொறி போதும்.

உள்ளே இருப்பது வெகு சொற்பம். பாட்டரியிலிருந்து வரும் கம்பி அம்மீட்டருக்குப் போகிறது. அங்கிருந்து சாவி ஸ்விட்சுக்கு. பிறகு தடைச் சுருள் ஒன்றைக் கடந்து, என்ஜினின் முன்புறமுள்ள காயிலுக்கு. விளக்குகூடத் தனியாக விலை கொடுத்து மாட்டிக் கொள்வதுதான். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைவிட இதில் அதிகச் சிக்கல் கிடையாது.

அம்மீட்டரின் முள்தான் இங்கே நாடி. சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை அமுக்கும்போது, முள் செலவுப் பக்கம் சாய்ந்து துடித்தால் மின்சாரம் காயில் வரை போய், பிளாட்டினம் பாயிண்ட் திறந்து மூடுகிறது என்று அர்த்தம். அசையாமல் கிடந்தால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. சாய்ந்தபடியே நின்றுவிட்டால் பாயிண்ட் ஒட்டிக் கொண்டிருக்கிறது, அல்லது எங்கோ கம்பி இரும்பைத் தொடுகிறது. பிறகு ஒரு சின்ன பல்பை எடுத்துக் கொண்டு, ஒரு நுனியை வண்டியின் இரும்பிலும் மறு நுனியை ஒவ்வோர் இணைப்பிலும் வைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் பல்பு எரியவில்லையோ, அதற்கும் முந்தின இணைப்புக்கும் நடுவில்தான் குற்றவாளி இருக்கிறான்.

பெரும்பாலும் அந்தக் குற்றவாளி களிம்புதான். பாட்டரி தகட்டுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருப்பதால் அமில ஆவி செம்பைத் தின்கிறது. களிம்பு ஓர் இணைப்பில் பத்தில் ஒரு ஓம் தடையைத்தான் உண்டாக்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்து ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் அங்கேயே செத்துப் போகும். ஆறில் ஒரு பங்கு! பன்னிரண்டு வோல்ட் வண்டியில் அதே வேலைக்கு ஐந்து ஆம்பியர் போதும். நஷ்டம் அரை வோல்ட், இருபத்து நாலில் ஒரு பங்கு. ஏழைக்குச் சிறு செலவும் பெரும் செலவு என்பது மின்சாரத்துக்கும் பொருந்துகிறது.

அதனால்தான் பிற்பாடு பலர் டைனமோவை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரை வைத்துப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினார்கள். பழைய வண்டியில் எர்த் பாஸிட்டிவ், புதியதில் நெகட்டிவ். அம்மீட்டர் கம்பிகளை இடம் மாற்ற மறந்தால் முள், வரவைச் செலவு என்றும் செலவை வரவு என்றும் காட்டும். கூடுதல் தடை போட மறந்தால் காயில் வெந்து போகும். ஆல்டர்னேட்டரைத் தூண்டும் கம்பியில் டயோடு வைக்காவிட்டால் வேடிக்கை இன்னும் அதிகம்: சாவியை அணைத்த பிறகும் அந்தக் கம்பி வழியே மின்சாரம் திரும்பி வந்து, என்ஜினை ஓட வைத்துக் கொண்டேயிருக்கும்!

இப்படி ஒவ்வொரு தவறும் ஒரு கையெழுத்து. இங்கே துணி சுற்றியவர் அறுவடை அவசரத்தில் இருந்தார். அங்கே ஈயப் பற்று வைத்தவர் பொறுமைசாலி. பெயர் தெரியாது. ஆனால் சொந்தக்காரன் தன் கருவிக்குள் கை விட்டான் என்பதற்கு அவை சாட்சி.

இன்றைய டிராக்டரில் களிம்புக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் பிழை எண் வருகிறது. அதைப் படிக்கும் கருவியும் மென்பொருளும் உற்பத்தியாளரின் கையில். பணம் கொடுத்து வாங்கிய வண்டி வயல் நடுவே நிற்கிறது, மழை வருகிறது, ஏஜெண்டு அனுப்பும் ஆளுக்காகக் குடியானவர் காத்திருக்கிறார். இந்தக் குறை முற்றித்தான் அமெரிக்காவின் கொலராடோ ராஜ்யத்தில் 2023-இல் ஒரு சட்டம் பிறந்தது. விவசாய இயந்திரங்களின் பழுதுபார்க்கும் புத்தகம், உதிரிப் பாகம், கருவி, மென்பொருள் எல்லாவற்றையும் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்றது அது. 2024 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது.

1947-இல் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நாலு திருகைக் கழற்றத் தெரிந்தவனுக்குத் தகட்டின் பின்புறம் சொந்தமாக இருந்தது. அரசர்கள் நிலத்தைத் தானம் செய்து செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பழைய டிராக்டரும் ஓர் உரிமையை எழுதித்தான் கொடுத்தது, செப்புக் கம்பியில்.