கேபிள்கார்டு

கேபிள்கார்டு என்பது அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியின் கட்டணச் சேனல்களைத் திறக்கும் பாதுகாப்பு அட்டை. கேபிள் நிறுவனம் வாடகைக்குத் தரும் செட்-டாப் பாக்ஸுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய கருவியையும் சந்தாதாரர் பயன்படுத்த வழிசெய்வதே இதன் நோக்கம்.

சட்டப் பின்னணி

1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 629ஆம் பிரிவு, கேபிள் நிறுவனங்களைச் சாராத உற்பத்தியாளர்களும் கடைகளும் இத்தகைய கருவிகளை விற்க வகைசெய்யுமாறு எஃப்சிசி எனப்படும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தைப் பணித்தது. 1998இல் ஆணையம், சந்தாவைச் சரிபார்க்கும் பகுதியைப் பெட்டியிலிருந்து பிரித்துத் தர உத்தரவிட்டது. நிறுவனங்களின் சொந்தப் பெட்டிகளிலும் அதை உள்ளிணைக்கக் கூடாது என்ற தடை, 2005இல் தொடங்க வேண்டியது, தள்ளிப்போய் 2007 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது.

செயல்பாடு

அப்படிப் பிரித்த பகுதியாகக் கேபிள் துறையின் கேபிள்லேப்ஸ் அமைப்பு வகுத்த இந்த அட்டை, மடிக்கணினியில் செருகப்பட்ட பிசி கார்டின் வடிவம் கொண்டது. 2004இல் புழக்கத்துக்கு வந்தது. திரையில் தோன்றும் அட்டை எண்ணையும் கருவி எண்ணையும் நிறுவனம் தன் கணினியில் பதிந்து இணைத்த பிறகே சேனல்கள் திறக்கும். தொடக்ககால அட்டை ஒரு நேரத்தில் ஒரு சேனலையே திறந்தது. அதனால் 2006இல் வெளியான டிவோ சீரிஸ்3 பதிவுக்கருவியில் இரண்டு நிகழ்ச்சிகளை ஒருசேரப் பதிய இரண்டு அட்டைகள் தேவைப்பட்டன. கடைக் கருவிகளில் தொடர்பு ஒருவழியாக இருந்ததால், கேபிள் நிறுவனத்தின் படங்களை வேண்டும்போது வரவழைத்துப் பார்க்க முடியவில்லை.

விளைவு

அட்டையை வழங்க வேண்டிய நிறுவனமே பெட்டி வாடகையில் கடைக்காரருக்குப் போட்டியாளராகவும் இருந்தது. அட்டையின் பயன்பாட்டை எளிதாக்குவதில் நிறுவனத்துக்கு ஆதாயம் இருக்கவில்லை. 2010களின் நடுவில் கடைக் கருவிகளில் இருந்த அட்டைகள் ஏறத்தாழ 6 லட்சம். உள்ளிணைப்புத் தடையால் அட்டையைப் பயன்படுத்த வேண்டியிருந்த நிறுவனப் பெட்டிகளில் 5 கோடிக்கு மேல்.

பிற்காலம்

உள்ளிணைப்புத் தடையை 2014ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. நீக்கம் 2015 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. பெட்டி வாடகையாக ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 231 டாலர் செலுத்துவதாக செனட்டர்கள் மார்க்கி, புளூமெந்தால் ஆகியோரின் கணக்கெடுப்பு காட்டியிருந்தது. 2016 ஜனவரியில் ஆணையத் தலைவர் டாம் வீலர், பெட்டிச் சந்தையைத் திறந்துவிடும் புதிய விதிகளை முன்வைத்தார். அவற்றைப் பரிசீலிக்கப் பிப்ரவரியில் ஆணையத்தில் 3-2 வாக்கில் ஒப்புதல் கிடைத்தது. கேபிள் நிறுவனங்களும் திரைப்படத் துறையினரும் எதிர்த்தனர். நிறுவனங்கள் செயலி வழியாகச் சேவை தரலாம் எனத் திருத்தப்பட்ட வரைவும் செப்டம்பரில் வாக்கெடுப்புக்கு வராமல் நின்றது. 2020இல் எஃப்சிசி அந்த நடவடிக்கையை முடித்துவைத்ததுடன், கேபிள்கார்டு குறித்து நிறுவனங்கள் அறிக்கை தர வேண்டிய கடமையையும் விலக்கிக்கொண்டது.