பணக்கார வியாதியின் பத்து ஆண்டுகள்

தொண்ணூறுகளில் சுகருக்கு நம்மூரில் இன்னொரு பெயர் உண்டு: பணக்கார வியாதி. 1996-ல் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் தொடங்கிய கணக்கெடுப்பும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது. திருமங்கலத்தில் நடுத்தர வர்க்கத்தார் வசிக்கும் ஏஷியாட் காலனி, தி.நகரில் குறைந்த வருமானக்காரர்களின் பாரதி நகர் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். 20 வயதைத் தாண்டிய 1,262 பேர் வந்தார்கள். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து ரத்தம் எடுத்தார்கள். காலனியில் 12.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. பாரதி நகரில் 6.5தான்.

அதற்குப் பிறகு காலனிக்காரர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. விஷயம் தெரிந்ததும் தங்களுக்குள் பணம் திரட்டி, நடப்பதற்கென்று ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முன்பு 14.2 சதவீதம், ஏழு ஆண்டுகளில் அது 58.7 ஆனது. "தினமும் நடங்க சார்" என்று சீட்டில் எழுதிக்கொடுத்து எந்த டாக்டரும் இந்த எண்ணைத் தொட்டுவிட முடியாது. வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பலன் ஒன்றிரண்டு நாளில் தேய்ந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீரம் போதாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் வேண்டும், கூட நடக்க நாலு பேர் வேண்டும்.

பத்து ஆண்டு கழித்து மறுபடி அளந்தார்கள். காலனி 15.4. பாரதி நகர் 15.3.

பூங்காதான் காலனியைக் காப்பாற்றியது என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் நான் இருக்கும் மென்பொருள் துறையில் இப்படி ஒப்பிட்டால் அடிக்க வருவார்கள். யாரும் குலுக்கல் போட்டுப் பிரித்த குழுக்கள் இல்லை இவை. சாப்பாடு, சம்பளம், வேலை எல்லாமே வேறு. தவிர, தி.நகரில் பூங்காவுக்கா பஞ்சம்? பனகல் பூங்கா, நடேசன் பூங்கா எல்லாம் பல தலைமுறைகளாக அங்கேயே இருக்கின்றன.

இல்லாதது நேரம் என்று நினைக்கிறேன். அந்தப் பத்தாண்டுக்குள்தான் 2003, 2004-ம் வருகின்றன. ஏரிகள் வறண்டு, நகரம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வருடங்கள். அப்போது விடியற்காலை ஒரு மணி நேரத்தை வாக்கிங்குக்கு ஒதுக்க யாரால் முடிந்திருக்கும்? அந்தக் கேள்விக்கு ரத்தப் பரிசோதனையில் கட்டம் கிடையாது.