பீனட் பட்டரும் வேட்டை இறைச்சியும்: எதில் என்ன சத்து?

நாம் உண்ணும் உணவு ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது. அது தய்யிபாகவும், அதாவது தூய்மையானதாகவும் உடலுக்கு நன்மை தருவதாகவும் இருக்க வேண்டும் என்று மார்க்கம் கற்றுத் தருகிறது. முதல் விஷயத்தில் நம் குடும்பங்கள் காட்டும் கவனம் பாராட்டத்தக்கது. இரண்டாவது விஷயத்தில் அந்த அளவு கவனம் இல்லை. ஹலால் முத்திரையைத் தேடிப் பார்க்கும் நாம், டப்பாவைத் திருப்பி உள்ளே என்ன சத்து இருக்கிறது என்று படிப்பதில்லை.

இன்று நம் வீடுகளில் இரண்டு பேச்சுகளை அடிக்கடி கேட்கிறோம். ஒன்று, பிள்ளைகளுக்கு பீனட் பட்டர் கொடுத்தால் கறி கொடுத்ததற்குச் சமம் என்பது. மற்றொன்று, மான் கறி, முயல் கறி, காடை போல உடம்புக்கு வலு தரும் உணவு வேறில்லை என்பது. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாததால் சிலர் பணத்தை இழக்கிறார்கள், சிலர் உடல் நலத்தை இழக்கிறார்கள், சிலர் சட்டச் சிக்கலிலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இக்கட்டுரையில் தரும் அளவுகள் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்துப் பட்டியலை ஒட்டியவை. ரகத்துக்கு ரகம் சற்றுக் கூடலாம், குறையலாம்.

100 கிராமில் என்ன இருக்கிறது?

பீனட் பட்டர் (வேர்க்கடலை, இலங்கையில் கச்சான்): சுமார் 590 கலோரி. புரதம் 22 முதல் 25 கிராம். கொழுப்பு 50 கிராம். நார்ச்சத்து 5 கிராம். இரும்பு 2 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. வைட்டமின் ஈ 9 மில்லிகிராம். பி12 இல்லை.

பாதாம் பட்டர்: சுமார் 610 கலோரி. புரதம் 21 கிராம். கொழுப்பு 55 கிராம். நார்ச்சத்து 10 கிராம். இரும்பு 3.5 மில்லிகிராம். கால்சியம் சுமார் 350 மில்லிகிராம். வைட்டமின் ஈ 24 மில்லிகிராம். பி12 இல்லை.

மான் கறி (சுட்டது): சுமார் 160 கலோரி. புரதம் 30 கிராம். கொழுப்பு 3 கிராம். இரும்பு 4.5 மில்லிகிராம். நார்ச்சத்து இல்லை. பி12 நிறைய உண்டு.

காட்டு முயல் (வேக வைத்தது): சுமார் 170 கலோரி. புரதம் 33 கிராம். கொழுப்பு 3.5 கிராம். இரும்பு கிட்டத்தட்ட 5 மில்லிகிராம்.

காடை (தோலுடன் சமைத்தது): சுமார் 230 கலோரி. புரதம் 25 கிராம். கொழுப்பு 14 கிராம். இரும்பு 4.4 மில்லிகிராம்.

பீனட் பட்டரில் கிடைக்கும் கலோரியில் முக்கால் பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. மான் கறியில் கிடைக்கும் கலோரியில் முக்கால் பங்கு புரதத்திலிருந்து வருகிறது. ஆகவே முன்னது புரதமும் கலந்த கொழுப்பு உணவு. பின்னது கொழுப்பு மிகக் குறைந்த புரத உணவு. "எது சிறந்தது?" என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான். யாருக்கு, எதற்காக என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

புரதக் கணக்கு

20 கிராம் புரதம் வேண்டுமென்றால் சமைத்த மான் கறி சுமார் 65 கிராம் போதும். அதில் 105 கலோரி அளவே சேரும். அதே 20 கிராமை பீனட் பட்டரிலிருந்து பெற 80 முதல் 90 கிராம் வரை சாப்பிட வேண்டும். அதற்குள் 500 கலோரி வந்துவிடும். ரொட்டியில் நாம் சாதாரணமாகத் தடவுவது இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 32 கிராம். அதில் கிடைக்கும் புரதம் 7 அல்லது 8 கிராம்தான். கலோரி சுமார் 190.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் புரதம் என்று போட்டிருந்தாலும், கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால் சேர்வது பெரும்பாலும் கொழுப்புதான். எடையைக் குறைக்க நினைப்பவருக்கு இது எதிராக வேலை செய்யும். எடை கூட வேண்டிய மெலிந்த பிள்ளைக்கு இதே குணம் நன்மையாக முடியும்.

புரதத்தின் தரத்திலும் வேறுபாடு உண்டு. இறைச்சிப் புரதத்தில் உடலுக்கு அவசியமான அமினோ அமிலங்கள் அனைத்தும் போதிய அளவில் உள்ளன. வேர்க்கடலையில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. கோதுமையிலும் அது குறைவுதான். எனவே ரொட்டியும் பீனட் பட்டரும் மட்டும் கொடுத்தால் அந்தக் குறை தீராது. கூடவே ஒரு டம்ளர் பாலோ, ஒரு முட்டையோ, அடுத்த வேளையில் பருப்போ சேர்ந்தால் தீர்ந்துவிடும்.

இரும்புச் சத்து: நம் வீடுகளின் உண்மையான பிரச்சினை

2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கும் இரத்த சோகை இருக்கிறது. "கறி சாப்பிடும் குடும்பம்தானே" என்று நாம் அலட்சியமாக இருக்க முடியாது. வாரத்தில் ஒருநாள் கறி ஆக்கி, நல்ல துண்டுகளை ஆண்களுக்கு வைத்துவிட்டு, தாய்மார்கள் ஆணத்தோடு எழுந்துவிடும் வீடுகள் நம்மிடையே குறைவில்லை.

இறைச்சியில் உள்ள இரும்பின் ஒரு பகுதி ஹீம் இரும்பு எனப்படும். உடல் அதை எளிதாக ஈர்த்துக்கொள்ளும். கடலை, பாதாம் போன்றவற்றில் இருப்பது வேறு வகை இரும்பு. அவற்றிலுள்ள பைட்டேட் அந்த இரும்பை உடல் ஈர்ப்பதைத் தடுக்கிறது. ஆகவே பாதாம் பட்டரின் 3.5 மில்லிகிராமும் மான் கறியின் 4.5 மில்லிகிராமும் எண்ணில் அருகருகே தெரிந்தாலும், உடலில் சேரும் அளவில் வெகுதூரம் விலகி நிற்கின்றன. எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் போன்றவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் தாவர இரும்பு கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் குறையும்.

பி12 விலங்கு உணவுகளில்தான் இயல்பாகக் கிடைக்கிறது. எந்த நட் பட்டரும் அதைத் தராது. மறுபுறம், நார்ச்சத்தும் நிறைய வைட்டமின் ஈயும் தேடுபவருக்கு இறைச்சியால் பயனில்லை.

ஒன்றை மட்டும் உண்டால்

வட கனடாவின் பனிப் பிரதேசங்களில், குளிர்காலத்தில் மெலிந்த முயல்களை மட்டுமே உண்டு வாழ நேர்ந்தவர்களுக்கு ஒரு நோய் வருவதுண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டும் பசி அடங்காது. வயிற்றுப்போக்கு, தலைவலி, சோர்வு வந்து நாளடைவில் உடல் குலைந்துவிடும். இதை முயல் பட்டினி என்று அழைத்தார்கள். துருவப் பயண ஆய்வாளர் வில்யால்மர் ஸ்டெபான்சன் இதைப் பதிவு செய்திருக்கிறார். காரணம், கொழுப்பே இல்லாத இறைச்சியை மட்டும் வைத்து மனித உடல் நெடுநாள் இயங்க முடியாது.

இதற்கு நேர் எதிரான வரலாறு வேர்க்கடலைக்கு உண்டு. 1996இல் பிரான்சில் ஆந்த்ரே பிரியாந் என்ற மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்பவரும் சேர்ந்து, வேர்க்கடலை விழுதோடு பால் மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் கலந்து பிளம்பிநட் என்ற சிகிச்சை உணவை உருவாக்கினார்கள். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். 2005இல் நைஜர் நாட்டுப் பஞ்சத்தின்போது எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளைகளுக்கு இது பெருமளவில் வழங்கப்பட்டது. கடலையின் கொழுப்பு அங்கே உயிர் காத்தது. ஆனால் அதிலும் பால் மாவும் வைட்டமின்களும் சேர்க்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

மான் கறி தேட வேண்டுமா?

மானும் முயலும் காடையும் உண்ண ஆகுமானவை. அன்பளிப்பாக வந்த முயல் இறைச்சியை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி ஹதீஸில் வந்துள்ளது. வேட்டையின் சட்டங்களை அல்மாயிதா அத்தியாயம் பேசுகிறது. பிஸ்மி சொல்லி எய்திருக்க வேண்டும். கூர்மையால் துளைத்துக் கொன்றிருக்க வேண்டும். உயிரோடு கிடைத்தால் அறுக்க வேண்டும். துப்பாக்கிக் குண்டால் மட்டுமே இறந்ததைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே வெளிநாடுகளில் வேட்டைக் கறி வாங்குவோர் ஹலால் சான்றைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஆனால் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தக் கறியை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமே. இலங்கையிலும் மான்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. திருட்டுத்தனமாக வரும் கறி எப்படிச் செத்தது, யார் அறுத்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. சட்டத்தையும் மீறி, ஹலாலா என்றும் தெரியாமல் தேட வேண்டிய அளவுக்கு அதில் அபூர்வமான சத்து எதுவும் இல்லை.

காரணம், கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டுக் கறி 100 கிராமில் (பச்சையாக) 20 கிராம் புரதம், 2 கிராம் சொச்சம் கொழுப்பு, 2.8 மில்லிகிராம் இரும்பு இருக்கின்றன. பச்சை மான் கறியில் 23 கிராம் புரதம், 2.4 கிராம் கொழுப்பு, 3.4 மில்லிகிராம் இரும்பு. வித்தியாசம் அவ்வளவுதான். இரத்தம் ஊற வேண்டும் என்று நம் பாட்டிமார்கள் கொடுத்த சுவரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மறி ஆட்டு மண்ணீரல் 100 கிராமில் 40 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. மான் கறி அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

பண்ணைக் காடையும் பண்ணை முயலும் சட்டப்படி கிடைக்கின்றன. கொடைக்கானல் அருகே மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் இறைச்சி முயல்களை வளர்க்கிறார்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்வோம்: பண்ணை முயலில் காட்டு முயலைவிடக் கொழுப்பு இரு மடங்கு, இரும்பு பாதி.

எச்சரிக்கைகள்

1. சாக்லேட் கலந்த ஹேசல்நட் ஸ்பிரெட்களில் பாதிக்கு மேல் சர்க்கரை இருக்கும். புரதம் 5, 6 கிராம்தான். அவற்றைச் சத்துணவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூலப்பொருள் பட்டியலில் கடலையும் உப்பும் மட்டும் இருந்தால் மிக நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாததை வாங்கட்டும்.

2. இ471 என்ற சேர்மானம் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். ஹலால் சான்றோ, இந்தியாவில் பச்சைப் புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

3. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உருவாகும். அது ஈரலைப் பாதிக்கும். வறுத்தாலும் முழுமையாகப் போகாது. வீட்டில் அரைப்பவர்கள் சுருங்கிய, கறுத்த, கசக்கும் பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

4. சிலருக்குக் கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தைக்குக் கட்டியாகக் கொடுக்காமல் நீர்க்கக் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

5. ஈயக் குண்டால் சுடப்பட்ட வேட்டைக் கறியில் ஈயத் துகள்கள் தங்கியிருக்கும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அதைத் தவிர்ப்பது நல்லது. எந்த வேட்டைக் கறியையும் அரைவேக்காடாகச் சாப்பிடக் கூடாது. யூரிக் அமிலத்தால் மூட்டு வலி உள்ளவர்கள் அளவைக் குறைக்க வேண்டும்.

6. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும்.

யாருக்கு எது?

மெலிந்த பிள்ளைக்கும், நோன்பு நாட்களில் ஸஹர் நேரத்தில் நீண்ட நேரம் பசி தாங்க வேண்டியவருக்கும் சர்க்கரை சேர்க்காத பீனட் பட்டர் நல்லது. எடை குறைக்க விரும்புபவருக்கும், இரத்த சோகை உள்ள பெண்ணுக்கும், வளரும் பிள்ளைக்கும் கொழுப்பு நீக்கிய கறி நல்லது. அது மானாக இருக்க வேண்டியதில்லை, ஆடும் காடையும் போதும். கறி வாங்க வசதி இல்லாத வாரத்தில் கடலையும் பருப்பும் முட்டையும் சேர்ந்து பெரும்பகுதியை ஈடு செய்யும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அல்ல. ஒன்றில் இல்லாததை மற்றொன்று தருகிறது.

அடுத்த முறை வீட்டில் கறி ஆக்கும்போது, ஈரலும் நல்ல துண்டுகளும் முதலில் யார் தட்டுக்குப் போகின்றன என்று பார்ப்போம். இரும்புச் சத்து அதிகம் தேவைப்படுவது நம் வீட்டுப் பெண்களுக்கே. அவர்களின் பங்கை எடுத்து வைப்பதும் குடும்பத் தலைவரின் பொறுப்புதான்.

ஹலாலான, தய்யிபான உணவையும், அதைப் பகிர்ந்துண்ணும் மனதையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.