அஞ்சல்தலையும் கலிவிக்கோடியும்

கல்வெட்டும் காசும் வரலாற்றுக்குச் சான்றாதலை அறிஞர் யாவரும் உடன்படுவர். அவ்வரிசையில் வைத்து ஆராயத்தக்கது அஞ்சல்தலை. ஓர் அரசு எதனை, எப்பொழுது நினைவுகூர விரும்பிற்று என்பதை அது காட்டும். இந்திய அஞ்சல்தலைகளில் இடம்பெற்ற நாட்டுப்புட்களை இந்நோக்கில் ஈண்டு ஆராய்வாம்.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் நான்கு புட்களின் உருவந்தாங்கிய தலைகள் வெளிவந்தன; 1975இல் மேலும் நான்கு வந்தன. தேன்சிட்டு, மரங்கொத்தி, ஆறுமணிக்குருவி, இமயத்து மோனால் என இவற்றுட் பல வண்ணத்தாற் கண்ணைக் கவர்வன. 1980இல் கானமயிலும் 1983இல் சைபீரியக் கொக்கும் இடம்பெற்றன. இவை அருகிவந்த இனங்கள். எனவே, அழகு நோக்கிய தேர்வு அருமை நோக்கியதாக மாறிற்று எனலாம்.

இம்மாற்றத்தின் தெளிந்த சான்று 1988இல் வெளிவந்த ஜெர்டான் கோர்சர் என்னும் புள்ளின் தலை. சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டான் கண்டறிந்த இப்புள்ளுக்கு 1848இல் பிளைத் என்பார் அறிவியற்பெயர் சூட்டினார். மார்பில் உள்ள இரு பட்டைகளே அப்பெயர்க்குக் காரணம். 1900க்குப் பின் எவரும் கண்டிலர். அற்றொழிந்தது என்றே கருதினர். 1986இல் கடப்பை மாவட்டத்துப் புதர்க்காட்டில் அது மீண்டும் அகப்பட்டது. இரவில் இயங்கும் புள்ளாதலின் பகலில் தேடினார்க்குப் புலப்படாதிருந்தது போலும்.

ஆயின், அவ்வூர்ப் பறவைபிடிப்பார்க்கு அது புதிதன்று. அவர்தம் உதவியாலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அதனைக் கண்டனர். தெலுங்கில் அதன் பெயர் கலிவிக்கோடி. கலிவி என்பது களாச்செடி. கோடி என்பது நம் கோழியே. களாப்புதரிடை வாழுங் கோழி என அப்பெயர் புள்ளின் உறைவிடத்தையும் உணர்த்துகின்றது. ஜெர்டான் என்னும் பெயரோ கண்டவரை உணர்த்துமேயன்றிப் புள்ளின் இயல்பை உணர்த்தாது.

இவ்வுறைவிடத்தோடு நமக்கும் தொடர்புண்டு. கிருஷ்ணை நீரைச் சென்னைக்குக் கொணரும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு 1983இல் உடன்படிக்கை ஆயிற்று. அத்திட்டக் கால்வாய்ப் பணி 2005இல் இப்புள்ளின் காட்டுள்ளும் புகுந்தது. எதிர்ப்பெழுந்தபின் கால்வாயின் வழி மாற்றப்பட்டது. தலைநகரின் குடிநீரும் ஒரு புள்ளின் வாழ்வும் ஒரே நிலத்தில் எதிர்ப்பட்டமை இதனாற் பெறப்படும். தலை வெளியிட்ட அளவில் காவல் நிறைவுறவில்லை என்பதும் தெளிவு.

சைபீரியக் கொக்கின் நிலையும் இதனை வலியுறுத்தும். பரத்பூருக்குக் குளிர்காலந்தோறும் வந்த அக்கொக்குகள் 2002க்குப் பின் ஆங்கு வந்தில. 1983ஆம் ஆண்டுத் தலை மட்டும் சேர்ப்போர் ஏடுகளில் எஞ்சியுள்ளது. கலிவிக்கோடியோ அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக இன்றும் எண்ணப்படுகின்றது. அதன் தலையும் இரங்கற்குறிப்பாகாதிருத்தல் களாப்புதர்கள் எஞ்சுவதைப் பொறுத்ததே என்பது எம் துணிபு.