வட்டுக்கும் ஒரு குடிநுழைவுச் சோதனை



வெளிநாடு போய் வந்தால் நம் கடப்பிதழுக்குக் குடிநுழைவுச் சோதனை உண்டு. காசு கொடுத்து வாங்கிய திரைப்பட வட்டுக்கும் அப்படி ஒரு சோதனை இருந்தது. அதுவும் விமான நிலையத்தில் அல்ல, நம் வீட்டு வரவேற்பறையில் நடந்தது! லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ போனவர் ஆசையாக ஒரு டிவிடி வாங்கி வருவார். வீட்டு ரெக்கார்டரில் போட்டால் படம் வராது. மண்டலம் தவறு என்று ஒரு வரி மட்டும் திரையில் தெரியும். வட்டும் அசல், கருவியும் அசல். கடை ரசீதுகூடக் கையில் இருக்கும். பிறகு ஏன் ஓடவில்லை? அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

விசிடிக்கு எல்லை இல்லை

டிவிடிக்கு முன்னால் நம் வீடுகளை ஆண்டது விசிடி. அதன் தரம் 1993இல் வகுக்கப்பட்டது. ஒரு வட்டில் 74 நிமிடம்தான் அடங்கும். அதனால் ஒரு தமிழ்ப் படம் இரண்டு, மூன்று வட்டுகளாக வரும். படத்தின் தெளிவும் சுமார்தான். ஆனாலும் அதற்கு ஒரு நல்ல குணம் இருந்தது. எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த நாட்டிலும் ஓடும். சென்னையில் வாங்கியது கிள்ளானிலும் ஓடும், சிங்கப்பூரிலும் ஓடும்.

1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. 1997இல் அமெரிக்காவுக்குப் போனது. முழுப் படமும் ஒரே வட்டில். பல மொழிகளில் ஒலி, பல மொழிகளில் வசன வரி. ஆனால் ஹாலிவுட் நிறுவனங்கள் தங்கள் படங்களைச் சும்மா தந்துவிடவில்லை. வட்டுக்கு ஒரு பூட்டு வேண்டும், உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கவும் வேண்டும் என்று கேட்டன.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். அப்போது திரைப்படம் பிலிம் சுருளாகத்தான் நாடு நாடாகப் பயணம் செய்தது. பிரதி எடுக்கச் செலவு அதிகம். அமெரிக்காவில் ஓடிய படம் மற்ற நாடுகளின் திரையரங்குக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அங்கே வட்டு வெளிவந்து, அது விமானம் ஏறி இங்கே வந்துவிட்டால், திரையரங்கில் யார் சீட்டு வாங்குவார்? தவிர, ஒவ்வொரு நாட்டுக்கும் வெளியீட்டு உரிமையைத் தனித்தனியாக விற்றிருப்பார்கள். விலையும் நாட்டுக்கு நாடு வேறு. இவற்றையெல்லாம் காப்பாற்றத்தான் மண்டல எண் பிறந்தது.

ஆறு துண்டான உலகம்

அமெரிக்காவும் கனடாவும் மண்டலம் 1. ஐரோப்பா, ஜப்பான், மத்தியக் கிழக்கு, தென்னாப்பிரிக்கா 2. மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட தென்கிழக்காசியா, ஹாங்காங், தைவான், தென்கொரியா 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னமெரிக்கா 4. இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனாவுக்கு மட்டும் தனியாக 6. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் 8. ஹாங்காங்கிலிருந்து ஆற்றைத் தாண்டி ஷென்சென் போனால் மண்டலம் மாறிவிடும். ஆனால் டோக்கியோவும் லண்டனும் ஒரே மண்டலம்!

இது எப்படி வேலை செய்கிறது? எந்தெந்த மண்டலங்களில் ஓடலாம் என்ற குறிப்பு வட்டில் இருக்கும். கருவிக்குள் ஒரே ஓர் எண் இருக்கும். இரண்டும் ஒத்துவந்தால் படம் ஓடும், இல்லையென்றால் ஓடாது. ஆக, காவல்காரர் உட்கார்ந்திருந்தது வட்டில் அல்ல, நாம் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்த கருவிக்குள்!

அந்தக் காவல்காரரை அங்கே உட்கார வைத்தது எந்த நாடாளுமன்றமும் அல்ல. வட்டின் பூட்டைத் திறக்கும் சாவி வேண்டுமென்றால், கருவி தயாரிப்பவர் ஓர் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மண்டல எண்ணை மதித்து நடப்பேன் என்பது அதில் ஒரு நிபந்தனை. நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. அதில் நம்மை யாரும் கேட்கவில்லை. ஆனால் கட்டுப்பட்டது நாம்தான்.

நம் குடும்பத்தின் நடுவே ஒரு கோடு

உலகத் தமிழர்களை இந்த வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கோலாலம்பூரில் இருப்பவருக்கு 3. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் 5. லண்டனில் 2, டொராண்டோவில் 1, மெல்பர்னில் 4. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு மண்டலம், தங்கை ஒரு மண்டலம்! தமிழ்ப் பட நிறுவனங்களும் இந்த எண்ணைக் கடுமையாகப் பயன்படுத்தியிருந்தால் நம் பாடு திண்டாட்டமாகியிருக்கும். நல்ல வேளையாக, வெளிநாட்டுச் சந்தைக்கு வந்த தமிழ்ப் பட வட்டுகளில் பெரும்பாலானவை எல்லா மண்டலங்களிலும் ஓடும்படியே வந்தன. அதற்குக் காரணம் தாராள மனம் மட்டுமல்ல, வியாபாரமும்தான். உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சந்தைக்கு ஐந்தாறு வகை வட்டு அச்சடித்தால் கட்டுப்படியாகுமா?

மண்டல எண்ணைத் தாண்டினாலும் இன்னொரு தடை உண்டு. நம் நாடுகளிலும் இந்தியாவிலும் தொலைக்காட்சி 'பால்' முறையில் வளர்ந்தது. அதில் 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி முறை. அதில் 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். முறை மாறினால் பழைய தொலைக்காட்சியில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது உருளும். அதை மண்டலக் கோளாறு என்று நினைத்து வட்டைக் குறை சொன்னவர்கள் பலர்.

ரெக்கார்டரின் பிடிவாதம்

1999இல் பயோனியர் நிறுவனம் வீட்டு டிவிடி ரெக்கார்டரை ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. சாதாரண பிளேயரைவிட இதில் மண்டலப் பூட்டு இறுக்கமானது. பிளேயர்களில் பல, தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியில் சில எண்களை வரிசையாக அழுத்தினாலே எல்லா மண்டலத்துக்கும் திறந்துகொள்ளும். 2000இல் அமெரிக்கக் கடைகளில் விற்ற ஏபெக்ஸ் ஏடி-600ஏ என்ற மலிவு விலைப் பிளேயர், இப்படி மறைந்திருந்த ஒரு பட்டியலாலேயே புகழ் பெற்றது. ரெக்கார்டர்கள் பலவற்றில் இருப்பதோ கணினியில் இருக்கும் எழுதும் இயந்திரத்தின் உறவுக்காரர். பிளேயர் பகுதி விட்டாலும், உள்ளே இருக்கும் இயந்திரமும் தன் பங்குக்கு மண்டலத்தைச் சோதிக்கும். கணினியிலும் 2000 முதல் வந்த டிவிடி இயந்திரங்களில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்த எண்ணே நிலைத்துவிடும்.

வழக்கு நீதிமன்றத்துக்கும் போனது. 1999இல் நார்வேயில் யோன் லெக் யோஹான்சென் என்ற 15 வயதுப் பையன், டிவிடி பூட்டைத் திறக்கும் மென்பொருளை வெளியிட்டான். லினக்ஸ் கணினியில் தன் வட்டுகளைப் பார்க்க வேண்டும் என்பதே அவன் வாதம். 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் அவனை விடுவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. முறையாக வாங்கிய வட்டைப் பார்ப்பது வாங்கியவரின் உரிமை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவோ 1998இலேயே பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியிருந்தது. ஆஸ்திரேலியா 2006இலும் நியூசிலாந்து 2008இலும் வேறு வழியில் சென்றன. பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் சந்தையைப் பிரிப்பதற்கான மண்டலப் பூட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று சட்டத்திலேயே எழுதின.

பெரிய மனிதர்களையும் இந்தக் காவல்காரர் விடவில்லை. 2009 மார்ச்சில் அதிபர் ஒபாமா, பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கப் படங்களை டிவிடி வட்டுகளாகப் பரிசளித்தார். அவை அமெரிக்க மண்டலத்து வட்டுகள் என்பதால் லண்டனில் ஓடவில்லை என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின.

இடம் மாறிய சுவர்

2003 நவம்பர் 5ஆம் தேதி 'மேட்ரிக்ஸ் ரெவலூஷன்ஸ்' உலகின் பல நகரங்களில் ஒரே நேரத்தில் திரைக்கு வந்தது. மாதக்கணக்கான இடைவெளி என்ற பழைய காரணம் அதிலிருந்து மெல்ல மெல்ல மறைந்தது. சுவர் மட்டும் நின்றது. 2006இல் வந்த புளூரே வட்டு உலகை மூன்றாகப் பிரித்தது. அதிலும் நாம் ஒரு பக்கம், இந்தியா ஒரு பக்கம். 2016இல் வந்த 4கே புளூரேயில்தான் மண்டல எண்ணே இல்லாமல் போனது. அதே 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் மலேசியா, சிங்கப்பூர், இந்தியா உட்பட 130 நாடுகளுக்கு ஒரே நாளில் விரிந்தது. ஆனால் அங்கேயும் நாட்டுக்கு நாடு படப் பட்டியல் வேறு. வரவேற்பறைக் கருவியில் இருந்த காவல்காரர் இப்போது இணையத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வித்தியாசம் உண்டு. ஓடாவிட்டாலும் வட்டு நம் கையில் இருந்தது. இணையத்தில் அதுவும் இல்லை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். 2019இல் சிங்கப்பூரும் மலேசியாவும் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. அதோடு பழைய ரெக்கார்டருக்கும் வேலை முடிந்தது என்று எண்ணித் தூக்கி எறியாதீர்கள். வீட்டில் நாமே பதிவு செய்த வட்டுக்கு மண்டலத் தடை கிடையாது. ஆனால் பெரும்பாலான வகை வட்டுகளில், பதிவு முடிந்ததும் 'ஃபைனலைஸ்' என்ற நிறைவுப் பணியைச் செய்யாவிட்டால் மற்றக் கருவிகளில் ஓடாது. அந்த வேலையை அந்த ரெக்கார்டர் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பிறகு கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஹாலிவுட் படத்தை இன்னொரு முறை வாங்கிக்கொள்ளலாம். தாத்தா ஆசீர்வாதம் செய்த உங்கள் திருமண வட்டை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?