உரப்புப் போர்: இசைப் பதிவுகளில் ஓசை மிகுந்த வரலாறு

ஒரு பாடல் மற்றப் பாடல்களைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியால், இசைப் பதிவுகளின் சராசரி ஒலியளவு தொடர்ந்து உயர்த்தப்பட்டு வந்ததை உரப்புப் போர் என்பர். 1990களில் வேகம் பிடித்த இப்போட்டி, இன்று தமிழ்த் திரையரங்குகள் வரை விவாதப் பொருளாகியுள்ளது.

சென்னையின் தென் புறநகரான அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டைக்குப் பேருந்தில் செல்லும் ஒருவர், கைப்பேசியில் சேமித்து வைத்த பாடல்களைக் கேட்டுக்கொண்டே போகிறார் என்று கொள்வோம். 1970களின் பாடல் ஒன்று முடிந்து அண்மைக்காலப் பாடல் தொடங்கியதும், அவர் கை தானாகவே ஒலியைக் குறைக்கிறது. பழைய பாடல் மீண்டும் வந்தால் கூட்டுகிறது. கைப்பேசி ஒன்றே, காதும் ஒன்றே. வேறுபாடு பாடல்கள் பதிவான முறையில் இருக்கிறது.

உரப்பும் செவியும்

பள்ளி இயற்பியல் பாடத்தில் உரப்பு, சுருதி, தரம் ஆகிய மூன்றும் ஒலியின் பண்புகளாகச் சொல்லப்படுகின்றன. அதிர்வின் வீச்சு கூடினால் உரப்பும் கூடும். ஆனால் செவி எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933இல் இதை அளந்து காட்டினர். ஒலி மெல்லியதாக இருக்கும்போது தாழ்ந்த சுரங்கள் செவிக்குச் சரியாக எட்டுவதில்லை. ஒலியைக் கூட்டினால் அவை நிறைவாகக் கேட்கும். எனவே ஒரே பாடலை இரு அளவுகளில் அடுத்தடுத்துக் கேட்பவர், உரத்ததையே நல்லது என்று எண்ணிவிடுவார். உரப்புப் போரின் வேர் மனிதச் செவியின் இந்த இயல்பில்தான் இருக்கிறது.

இசைத்தட்டுக் காலம்

1925க்கு முன் ஒலிவாங்கி வழியான மின்முறைப் பதிவு வழக்கத்திற்கு வரவில்லை. பாடகர் பெரிய கூம்பின் முன் நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. மெல்லிய குரலுக்கும் வீணை போன்ற மெல்லிய கருவிக்கும் அது பெருங்குறை. மின்முறைப் பதிவு வந்தபின் முணுமுணுப்பையும் தட்டில் பதிக்க முடிந்தது.

ஆயினும் இசைத்தட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒலி உரக்க உரக்க, தட்டில் வெட்டப்படும் பள்ளம் அகலமாகும். பள்ளம் அகன்றால் ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். மிகையாக வெட்டினால் ஊசி துள்ளிவிடும். ஜூக்பாக்ஸ் கருவிகளில் தம் தட்டு முந்திக் கேட்க வேண்டும் என்று அமெரிக்க நிறுவனங்கள் அன்றே போட்டியிட்டன. ஆனால் அப்போட்டிக்குத் தட்டே ஓர் எல்லையை வகுத்திருந்தது.

குறுந்தகடும் லிமிட்டரும்

1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியை அதில் பதிக்கலாம். இசைத்தட்டில் கிடைத்ததைவிட இது மிக அதிகம். கதவடியின் ஓசை போன்ற மெல்லிய ஆலாபனைத் தொடக்கமும் தனி ஆவர்த்தனத்தின் உச்சமும் ஒரே பதிவில் இயல்பாக அமைய இது வழி செய்தது.

நடந்தது வேறு. எண்முறைப் பதிவில் அதற்கு மேல் செல்லவே முடியாத ஓர் உச்சவரம்பு உண்டு. முழுப் பாடலையும் அந்த வரம்பை ஒட்டி உயர்த்துவதற்கு லிமிட்டர் என்னும் கருவி பயன்பட்டது. அது திடீரென எழும் உச்சங்களை அமுக்குகிறது. அதனால் கிடைக்கும் இடத்தில் மற்ற ஒலிகள் அனைத்தையும் மேலே தூக்கலாம். குரலும் கருவிகளும் கலக்கப்பட்ட பின் வெளியீட்டுக்கு முன் நடக்கும் இறுதிப் பணியான மாஸ்டரிங்கில் இது வழக்கமாயிற்று. 1990களில் இதைக் கணினி மென்பொருளே செய்யத் தொடங்கியதும் போட்டி வேகம் பிடித்தது.

இதனால் இழப்பு என்ன? பாடநூலில் முக்கியமான வரியை மட்டும் கோடிட்டால் அது கண்ணில் படும். எல்லா வரிகளையும் கோடிட்டால் எதுவுமே படாது. மிருதங்கத்தின் ஓர் அடி அதிர்வதற்குக் காரணம், அதற்கு முன்னிருந்த அமைதி. அந்த அமைதியையும் உயர்த்திவிட்டால் அடி தட்டையாகிவிடும். கேட்பவருக்கும் விரைவில் சலிப்பு வரும். வரம்பைத் தாண்டும் அலைகளின் முனை வெட்டுப்பட்டுக் கரகரப்பும் சேரும்.

கேட்பவர்களின் எதிர்ப்பு

கனடாவின் ரஷ் குழு 2002இல் வெளியிட்ட வேப்பர் டிரெயில்ஸ் தொகுப்பு, அளவு மீறிய உரப்புக்காகக் குறை கூறப்பட்டது. தனித்தனிப் பதிவுகள் கைவசம் இருந்ததால், 2013இல் அது மீண்டும் கலக்கப்பட்டு வெளியாயிற்று. 2008 செப்டம்பரில் வெளிவந்த மெட்டாலிகாவின் டெத் மேக்னடிக் தொகுப்போ உலகெங்கும் விவாதத்தைக் கிளப்பியது. அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்ற கணினி விளையாட்டில் அமுக்கப்படாமல் இடம்பெற்றிருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்ட இரசிகர்கள் விளையாட்டில் உள்ளதே நன்றாக இருக்கிறது என்றனர். தொகுப்பை மீண்டும் மாஸ்டரிங் செய்யுமாறு பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டனர். தம்மிடம் வந்தபோதே பாடல்கள் அமுக்கப்பட்டிருந்தன என்று மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் தெரிவித்தார்.

அளவுகோல் வந்தது

செவி உணரும் உரப்பை அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் அதன் அடிப்படையில் நிகழ்ச்சிகளுக்குப் பொது அளவை நிர்ணயித்தது. அதே ஆண்டு அமெரிக்காவில், தொலைக்காட்சி விளம்பரங்கள் நிகழ்ச்சிகளைவிட உரக்க ஒலிப்பதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. இன்று ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற இணையத் தளங்கள் மிகை உரப்புள்ள பாடலைத் தாமே தணித்து ஒலிக்கச் செய்கின்றன. அங்கே உரக்கப் பதிந்தவருக்கு ஆதாயம் இல்லை. அமுக்கியதால் வந்த இழப்பு மட்டும் எஞ்சுகிறது.

தமிழ்த் திரையரங்கில்

திரையரங்கிலும் இதற்கு ஒப்பான சுழல் உண்டு. ஒலிக் கருவியில் 7 என்ற எண்ணே பொது அளவு. படம் உரக்க ஒலிக்கிறது என்று பார்வையாளர் குறை சொன்னால் அரங்கில் அந்த எண்ணைக் குறைப்பார்கள். குறைப்பார்கள் என்று எதிர்பார்த்து, படத்தைக் கூடுதல் உரப்புடன் கலப்பவர்களும் உண்டு.

2024 நவம்பர் 14 அன்று சிவா இயக்கத்தில் சூர்யா நடித்த கங்குவா வெளியானபோது, அதன் இரைச்சல் பரவலான குறைகூறலுக்கு உள்ளானது. ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா அறிவித்தார். இரண்டு புள்ளி என்பது ஆறரை டெசிபலுக்குச் சற்று மேல். ஸ்லம்டாக் மில்லியனர் படத்திற்காக 2009இல் ஆஸ்கர் பெற்ற ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டியும் இதில் கருத்துரைத்தார். ஒலிக் கலை உரப்புப் போரில் சிக்கிக்கொண்டது என வருந்திய அவர், ஒலிக் கலைஞரை மட்டும் குறை சொல்வது சரியா என்றும், கடைசி நேரத் திருத்தங்களுக்குப் பங்கு இல்லையா என்றும் வினவினார். தலைவலியோடு வெளியேறுபவர் மீண்டும் படம் பார்க்க வரமாட்டார் என்பது அவர் வாதம்.

மறுதரப்பு

அமுக்குதல் முழுவதும் தீங்கு எனக் கூற முடியாது. ஜி.எஸ்.டி. சாலையின் வாகன இரைச்சலும் மின்தொடர் வண்டியும் மீனம்பாக்கத்து விமானமும் சூழ்ந்த குரோம்பேட்டை போன்ற இடத்தில், பதிவின் மெல்லிய பகுதிகள் காதில் விழாது. அளவான அமுக்குதல் பாடல் வரிகளைத் தெளிவாக்கும். சில இசை வகைகளுக்கு அந்த இறுக்கமே அழகு.

ஆனால் ஓர் உண்மையை இரு தரப்பும் மறுப்பதில்லை. மெல்லப் பதிந்த பாடலைக் கேட்பவர் தம் விருப்பம்போல் உரக்க வைத்துக்கொள்ளலாம். அமுக்கிப் பதிந்த பாடலின் ஒலியைக் குறைக்கலாமே தவிர, அதில் அழிந்துபோன ஏற்ற இறக்கத்தை முழுமையாக மீட்க முடியாது. தனித்தனி மூலப் பதிவுகளைப் பாதுகாத்து வைத்திருந்தால் மட்டுமே, ரஷ் குழுவைப் போல மீண்டும் செய்து பார்க்க இயலும்.